மொய் நோட்டில் ஏறாத பரிசுகள்

வெயில் ஆரம்பித்துவிட்டது. அக்னி நட்சத்திரத்துக்கு மே 4 வரை நாள் இருக்கிறது, சித்திரையே இன்னும் பிறக்கவில்லை, ஆனால் மதுரையில் இப்போதே மத்தியானம் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. வருஷா வருஷம் இந்தச் சமயத்தில்தான் நான் குரோஷா ஊசியை, அதாவது நுனியில் கொக்கி இருக்கும் பின்னல் ஊசியை, எடுப்பேன். அதனால் மனதில் ரொம்ப நாளாக இருப்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு விசேஷமும் இல்லாமல், சும்மா, உங்கள் சிநேகிதிகளுக்குக் கையால் ஏதாவது செய்து கொடுங்கள். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். சொந்தக்காரர்களுக்கு எல்லாம் குறைவில்லாமல் செய்துகொண்டுதான் இருக்கிறோம், கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போவது சிநேகிதிகள்தான்.

நம்மிடம் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு நோட்டு உண்டு. கல்யாணம், காதுகுத்து, புதுவீடு என்று எதுவானாலும் மண்டப வாசலில் ஒருவர் உட்கார்ந்து பேர், ஊர், தொகை எழுதுவார். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய்க்காகவே விருந்து வைப்பார்கள், கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வைக்கும் பணம் ஒரு குடும்பத்துக்குத் தொழில் தொடங்கும் முதலாகவே ஆகிவிடும். அதை நான் குறை சொல்ல மாட்டேன், வட்டிக்கு வாங்குவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அந்தக் கணக்கு நட்புக்குள் வரும்போதுதான் எனக்குத் தாங்குவதில்லை. "அவ என் பொண்ணு சடங்குக்குக் குத்துவிளக்கு வெச்சா, நான் அதுக்குக் குறையாம செய்யணும்" என்று ஒருத்தி சொல்கிறாள், செய்ய முடியாத வருஷத்தில் அந்த வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிடுகிறாள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இவர்கள்.

அதனால்தான் பரிசு சின்னதாக இருக்க வேண்டும் என்கிறேன். திருப்பிச் செய்யணுமே என்று வாங்குகிறவள் மனதில் தோன்றாத அளவுக்குச் சின்னதாக. அப்புறம், அந்தப் பருவத்துக்கு உதவுவதாகவும் இருக்க வேண்டும்.

நான் பின்னுவது மோர்ப் பானைக்கும் தண்ணீர் ஜக்குக்கும் போடும் மூடி. பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள், வட்டமாக, வலை மாதிரி, ஓரம் முழுக்க மணி தொங்கும். நம் ஊர் வெயிலுக்குக் கம்பளி நூல் கையில் பிடிக்கவே ஆகாது, பருத்தி நூல்தான் சரி. ஆறு செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு வளையமாகச் சேர்த்து, அதிலிருந்து சுற்றுச் சுற்றாக அகலப்படுத்திக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கண்ணிகளைக் கூட்டுவதில்தான் எல்லாமே இருக்கிறது. குறைவாகக் கூட்டினால் கிண்ணம் போலக் குவிந்துகொள்ளும், அதிகமாகக் கூட்டினால் ஓரம் சுருக்குச் சுருக்காக நிற்கும், இரண்டுமே பானை வாயில் படியாது. கடைசிச் சுற்று போடுவதற்கு முன்பே மணிகளை நூலில் கோத்துக்கொண்டு, வளைவுக்கு ஒன்றாக ஊசிப் பக்கம் தள்ளிப் பின்ன வேண்டும். மணி கண்ணாடியாக இருக்கட்டும். அந்த எடைக்குத்தான் மூடி பானையோடு படிந்து நிற்கும், பிளாஸ்டிக் மணி ஃபேன் காற்றுக்கே தூக்கிவிடும். மீனாட்சியம்மன் கோவில் எதிரே இருந்த புதுமண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகும் எனக்கு நூலும் மணியும் அங்கேதான். கடைக்காரர் முன்னால் மணியை உள்ளங்கையில் கொட்டிக் கனம் பார்த்து வாங்குவேன், அவரும் பொறுமையாக நிற்பார்.

இதைப் பார்த்ததும் பத்தில் எட்டுப் பேர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "இவ்ளோ அழகா இருக்கே, வித்தா என்ன?" அன்பாகத்தான் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் ஒரு கைவேலையைப் பாராட்ட நமக்கு விலையை விட்டால் வேறு வழியே தெரியவில்லையா? வீட்டுப் பெண்கள் பின்னி விற்பதில் என்ன கிடைக்கிறது என்பதும் தெரிந்ததுதான். ஆந்திராவில் நரசாபூர் என்றொரு ஊர், குரோஷா லேஸுக்குப் பேர் போனது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே போய் அந்தப் பெண்களின் வேலையை ஆராய்ந்து 1982-ல் எழுதினார். நாள் முழுக்கக் குனிந்து பின்னியவர்களை "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிறார்கள்" என்று சொல்லியே கூலியை அடிமட்டத்தில் வைத்திருந்தார்கள், வெளிநாட்டுக்கு அனுப்பிய வியாபாரிகள் பணக்காரர்கள் ஆனார்கள். விற்கிறவர்கள் நல்ல விலைக்கு விற்கட்டும், பேரம் பேசாமல் வாங்குங்கள். என் மூடி விற்பனைக்கு இல்லை, அவ்வளவுதான்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். தோழிகளைக் கூப்பிட்டால் தயவுசெய்து பிரியாணி கிளறாதீர்கள். வெயில் காலத்தில் அடுப்பு முன்னால் வெந்துகொண்டே ஹாலில் கேட்கிற சிரிப்புக்குக் காது கொடுக்கிற விருந்து யாருக்கு வேண்டும்? பரிமாறுகிறவளும் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுதான் என் ஒரே விதி. அதனால் முதல் நாள் ராத்திரியே கம்பங்களி கிண்டி ஆற வைத்துவிடுவேன். மறுநாள் கையால் கரைத்து, கடைந்த மோர் விட்டு, கல் உப்புப் போட்டால் கூழ். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், கொத்தவரை வத்தல், இவற்றோடு மாவடு. வறுக்க வேண்டியதைக் காலையிலேயே வறுத்து டப்பாவில் போட்டுவிட்டால் மத்தியானம் அடுப்பே பற்றவைக்க வேண்டாம்.

மாவடு மட்டும் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். மாசி, பங்குனியில் வடு வரத்து இருக்கும்போது, அழகர்மலைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விற்கிறவர்களிடம் காம்போடு இருப்பதாகப் பார்த்து வாங்கி, கழுவித் துணியில் ஈரம் போக உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி, கல் உப்பு, மஞ்சள், கடுகுத்தூள், மிளகாய்த்தூள் போட்டு ஜாடியில் அடைத்துவிடுவேன். தினமும் குலுக்கிவிட வேண்டும். உப்பு இறங்க இறங்க வடு தண்ணீர் விட்டுச் சுருங்கும், அந்தத் தண்ணீர்தான் உயிர், தயிர்சாதத்துக்கு அதை மட்டும் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் என் கூட்டத்தில் இருக்கிறார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு சின்னப் பாட்டில் மாவடு, ஒரு மூடி.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அழகர் வைகையில் இறங்க வரும்போது அழகர்கோவில் ரோட்டில் தல்லாகுளம் வரைக்கும் எத்தனை தண்ணீர்ப் பந்தல்! நீர்மோரும் பானகமும் ஊற்றிக் கொடுக்கிறவர்கள் குடிக்கிறவரின் பேரைக் கேட்பதில்லை, நோட்டும் வைப்பதில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கே அப்படிக் கொடுக்கத் தெரிந்த ஊர் இது. கூடப் படித்தவளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்க அவள் வீட்டில் காதுகுத்து வரும்வரை ஏன் காத்திருக்கிறோம்?

வெளியூரில் இருக்கும் தோழிகளுக்கு மாவடு அனுப்பாதீர்கள், தண்ணீர் கசிந்து பார்சல் முழுக்க நாறிவிடும். வத்தலும் மூடியும் அனுப்புங்கள், மூடியை மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டுங்கள். மணி கோக்கும் சுற்று மட்டும் பிடிபடவில்லை என்கிற மதுரைக்காரத் தோழிகள் உள்பெட்டியில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். ஊசியும் நூலும் எடுத்து வாருங்கள், மோர் என் பொறுப்பு.