ஹில் அரங்கத்தை மறந்துவிட்டீர்களே

பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ரா மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மே இசை விழாவுக்கு 1936 முதல் 1984 வரை ஆண்டுதோறும் வந்து வாசித்ததை உங்கள் கட்டுரையில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கட்டுரை முழுக்க ஆர்கெஸ்ட்ராவை நடத்திய யூஜின் ஆர்மண்டியின் புராணம்தான். அந்த ஆர்கெஸ்ட்ரா வாசித்த, ஆன் ஆர்பர் நகரத்து ஹில் அரங்கத்துக்கு ஒரே ஒரு வரி! பல்கலைக்கழக நிர்வாகக் குழுவில் இருந்த ஆர்தர் ஹில் உயிலில் எழுதிவைத்த 2 லட்சம் டாலரின் உதவியோடு எழுந்து, 1913இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. வடிவமைத்தவர் ஃபோர்டின் கார் தொழிற்சாலைகளைக் கட்டிய ஆல்பர்ட் கான் (ஆச்சரியமாக இல்லை?). ஒலியமைப்பைக் கவனித்தவர் ஹியூ டாலன்ட். மேடைக்குப் பின்னாலிருந்து சுவரும் கூரையும் பரவளைவாக (கிண்ணம் போன்ற வளைவாக) விரிவதால், மைக் இல்லாமலே ஒலி கடைசி வரிசை வரை போகும். சுமார் 3,500 பேர் உட்காரும் இடத்தில் இது சாதாரண விஷயமா?

இன்னொன்று, பிலடெல்பியாவுக்கு முன்பே 1905 முதல் 1935 வரை சிகாகோ ஆர்கெஸ்ட்ராதான் இந்த விழாவுக்கு வந்தது. மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்த கோரல் யூனியன் பாடகர் குழு இரண்டு ஆர்கெஸ்ட்ராக்களோடும் பாடியிருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய செய்தி. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம் நீங்கள்.