தலைக்கு இவ்வளவு

ஏழை பணக்காரர் பார்க்காமல் எல்லோரும் ஒரே தொகையை வரியாகக் கட்டுவதுதான் சமத்துவம் என்று படித்தவர்களே அவ்வப்போது எழுதுகிறார்கள். அவர்கள் இங்கிலாந்துக்காரர்கள் நடுவே நின்று 'போல் டேக்ஸ்', அதாவது தலைவரி, என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். அங்கே அது கிட்டத்தட்ட வசைச்சொல்.

இடைக்கால ஆங்கிலத்தில் 'போல்' என்றால் தலை. தலையை எண்ணி வாங்கியதால் வரிக்கு அந்தப் பெயர். வாக்குக்கும் தலையைத்தானே எண்ண வேண்டும், அதனால் தேர்தலுக்கும் அதே சொல் வந்து சேர்ந்தது. (தலைப்பிரட்டையை அவர்கள் 'டாட்போல்' என்பதிலும் இந்தத் தலைதான் இருக்கிறது. அதைப் பார்த்ததும் இரு மொழிக்காரர்களுக்கும் ஒன்றே தோன்றியிருக்கிறது!)

இங்கிலாந்தில் 1377-இல் 14 வயதைத் தாண்டிய கிட்டத்தட்ட ஒவ்வொருவரிடமும் 4 பென்ஸ் வாங்கினார்கள். பிரான்சுடன் நடந்த போர் பணத்தைத் தின்றுகொண்டிருந்தது. 1380-இன் இறுதியில் அது சராசரியாகத் தலைக்கு 12 பென்ஸ் ஆனது. ஊரில் வசதியுள்ளவர்கள் ஏழைகளின் சுமையில் பங்கேற்க வேண்டும் என்று ஏட்டில் எழுதியிருந்தார்கள். வசதியுள்ளவரே இல்லாத ஊர் என்ன செய்யும்? மக்கள் ஆட்களை மறைத்தார்கள். விதவைத் தாய், மணமாகாத தங்கை எல்லாம் கணக்கிலிருந்து காணாமல் போனார்கள். நான்கே ஆண்டுகளில் வரி கட்டியோர் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. மறைந்த தலைகளைத் தேட அரசு ஆணையர்களை அனுப்பியது. 1381 மே 30 அன்று பிரெண்ட்வுட் ஊரில் ஃபாபிங் கிராமத்தார், ஏற்கெனவே கட்டிவிட்டோம், இனி ஒரு காசு தர மாட்டோம் என்று மறுத்து நின்றார்கள். இரண்டே வாரத்தில் கலகக்காரர்கள் லண்டனுக்குள் இருந்தார்கள். அரசின் உயர் அமைச்சராகவும் இருந்த பேராயர் சட்பரியின் தலை போனது. கலகத் தலைவன் வாட் டைலரின் தலையும் போனது.

இந்த வரலாற்றைப் பள்ளியிலேயே படித்த நாட்டில்தான் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1989-இல் ஸ்காட்லாந்திலும், மறு ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதே வரியைக் கொண்டுவந்தார். 'சமூகக் கட்டணம்' என்று நாகரிகமாகப் பெயர் சூட்டினார்கள். மக்கள் அதைச் சீண்டவில்லை. பழைய பெயரையே சொன்னார்கள். அதுவரை வீட்டின் வாடகை மதிப்பை வைத்து உள்ளாட்சி வரி கட்டியவர்கள், இனி ஆளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். ஒரே ஊரில் மாளிகைக்காரருக்கும் குப்பை அள்ளுபவருக்கும் ஒரே தொகை. வேலையில்லாதவர்கூட ஐந்தில் ஒரு பங்கு கட்டியாக வேண்டும். இதைச் சமத்துவம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

லட்சக்கணக்கானோர் கட்ட மறுத்தார்கள். 1990 மார்ச் 31 அன்று லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் மூண்டது. பட்டியலில் இருந்தால் வரிக்கு மாட்டிக்கொள்வோம் என்று பயந்து பலர் வாக்காளர் பட்டியலிலேயே பெயரைச் சேர்க்காமல் விட்டார்கள். 1381-இல் தங்கையை மறைத்த அதே உபாயம்தான், இந்த முறை வாக்குரிமையும் சேர்ந்து போனது. கலவரத்தைவிட எனக்கு உறுத்துவது இதுதான்.

நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். இந்த வரியோடு ஐரோப்பா விவகாரமும் ஒரு காரணம். 1993-இல் மீண்டும் வீட்டு மதிப்புக்கே திரும்பினார்கள். 1991 ஏப்ரல் மாத விலையை வைத்து அன்று வீடுகளைத் தரம் பிரித்தார்கள். அதற்குப் பிறகு வீட்டு விலை எங்கேயோ போய்விட்டது. ஆனாலும் இங்கிலாந்தில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கணக்கில் கை வைக்க நடுங்குகிறது.