மச்சானின் மானும் வன்னி மானும்

நல்லூர்க் கொடி இறங்கி மூன்றாம் நாள். இருபத்தைந்து நாள் மரக்கறியோடு கிடந்த யாழ்ப்பாணம் அந்தக் கிழமை இறைச்சிக்கடை வாசலில் எப்படி நிற்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சொந்தத்துக்குள் ஒரு வீட்டில் மத்தியானச் சாப்பாடு. ஆட்டுக்கறி, கணவாய், நண்டு எல்லாம் வந்து முடிந்த பிறகு குசினிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கிண்ணம் வந்தது. கொண்டுவந்தவர் குரலைத் தாழ்த்தி, "இது மற்றது" என்றார்.

மான். மிளகு தூக்கலாகப் போட்ட பிரட்டல். வன்னிக் காட்டிலிருந்து ஆனையிறவு தாண்டிக் களவாக வந்தது. யார் கொண்டுவந்தது, என்ன விலை என்று ஒருவரும் கேட்கவில்லை. அது ஒரு மரியாதை.

கனடாவின் ஒன்ராறியோவிலிருந்து வந்திருந்த மச்சான் இரண்டு துண்டு எடுத்து வாயில் போட்டுவிட்டுத் தொடங்கினான். "அங்க நாங்கள் வருசா வருசம் சுடுறம். மான் குறையேல்லை, கூடிக்கொண்டுதான் போகுது. இஞ்சையும் லைசன்ஸைக் குடுத்துச் சுட விட்டால் கமக்காரனுக்கும் நிம்மதி, கவுண்மேந்துக்கும் காசு. உவங்களுக்கு மூளை இல்லை." மேசையில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வாய்க்குள் மான் இருக்கும்போது வேறென்ன செய்வது?

பிறகு ஆறுதலாக யோசித்தால், மச்சான் சொன்னதில் பாதி சரி. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான் சில இலட்சங்கள்தான் மிஞ்சியிருந்தன. இன்றைக்கு ஏறத்தாழ மூன்று கோடி. துவக்கை ஒரேயடியாகக் கீழே வைத்து அதை எட்டவில்லை, கணக்கோடு சுட்டுக்கொண்டுதான் எட்டினார்கள். ஆனால் முதலில் எதை மூடினார்கள் தெரியுமா? சந்தையை. அந்த மானைத் தின்று முடித்தது வீட்டுச் சட்டிக்கு ஒன்று சுட்டவன் இல்லை. இறைச்சியும் தோலுமாக ரயிலேற்றிப் பட்டணத்துக்கு அனுப்பியவன்தான். 1900இல் வந்த லேசி சட்டம், களவாகச் சுட்டதை மாநில எல்லை கடத்தி விற்பதைக் குற்றமாக்கியது. 1937இல், துவக்கிலும் தோட்டாவிலும் எடுக்கிற வரியைக் காட்டுயிர் வேலைக்கே ஒதுக்க இன்னொரு சட்டம் போட்டார்கள். எங்கள் நாட்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதே 1937தான். அவனும் நாங்களும் ஒரே வருசத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறோம்.

மச்சான் இன்றைக்கும் ஒன்ராறியோவில் தான் சுட்ட மானின் இறைச்சியில் ஒரு இறாத்தலைக்கூட யாருக்கும் விற்கமுடியாது. தின்னலாம், கொடுக்கலாம், அவ்வளவுதான். இதை அந்த மேசையில் அவன் சொல்லவில்லை. அந்தக் கிண்ணத்துக்கு முன்னால் சொல்வதும் கஷ்டம்தான்.

அவன் வேட்டையை நான் வாட்ஸ்அப்பில் பார்க்கிறவன். மரத்தில் கட்டின கமராவில் இரவில் எடுபடும் படங்களை அனுப்புவான். ஒரு ஆண் மானுக்கு "மாஸ்ரர்" என்று பெயர். ஒன்றரை வயதில் ஈர்க்குப்போல இரண்டு கொம்பு. அந்த வருசம் அது இவனுக்கு முன்னால் முப்பது யார் தூரத்தில் வந்து நின்றது, சுடவில்லை. அடுத்த வருசமும் விட்டான். அதற்கடுத்த வருசமும். நாலாவது வருசம் பக்கத்துக் காணிக்காரன் சுட்டுவிட்டான். மச்சான் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. செத்தவீடு மாதிரித்தான் கதைத்தான்.

ஏன் விடுகிறார்கள்? மானுக்குக் கொம்பு ஒவ்வொரு வருசமும் விழுந்து புதிதாக முளைக்கும். முதல் கொம்பு ஒன்றுக்கும் உதவாது. வெள்ளைவால் மானுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் உடம்பும் கொம்பும் முழுசாக வரும். ஒன்றரை வயதிலேயே எல்லாவற்றையும் சுட்டால் காட்டில் பெடியன்மார் மட்டும்தான் மிஞ்சுவார்கள். 1970களில் ரெக்சாஸில் அல் பிறதர்ஸ், மேர்பி றே என்ற இரண்டு காட்டுயிர் ஆய்வாளர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள்: இளசுகளை விடு, பெண் மானைச் சுடு.

பெண் மானைச் சுடு என்பதைக் கேட்டதும் எனக்கும் உங்களைப்போலத்தான் சுருக்கென்றது. எங்கள் பக்கத்துப் பழைய வேட்டைக்காரர் பிணை மானைச் சுடுவதைப் பாவமாகச் சொல்வார்கள். அமெரிக்க வேட்டைக்காரனும் அப்படித்தான் கனகாலம் இருந்தான். ஆனால் ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருபது மறிக்கு ஒரு கிடாய் போதும். இருபது மறியும் குட்டி போட்டு நாற்பதானால், வேலியில் நிற்கிற கிளுவையும் பூவரசும் எத்தனை நாளைக்கு? அம்மா விடிய எழும்பிக் கொக்கைத்தடியால் குழை பறித்த காலத்தில் எங்கள் கொட்டிலில் ஒருபோதும் ஆறுக்கு மேல் மறி நின்றதில்லை. மிஞ்சினதைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வித்தார். காட்டுக்கும் அதே கணக்குத்தான். அரிசோனாவில் கைபாப் மேட்டுநிலத்தை 1906இல் மானுக்கென்று ஒதுக்கி, ஓநாயையும் பூமாவையும் தேடித் தேடிக் கொன்றார்கள். 1920களில் மான் பெருகிக் குழை முடிந்து, பனிக்காலத்தில் பட்டினியால் செத்துக் கிடந்தது.

அதனால் ஒன்ராறியோவில் ஒவ்வொரு காட்டுப் பிரிவுக்கும் ஒரு இலக்கம், இந்த வருசம் இந்தப் பிரிவில் இத்தனை பெண் மான் என்று ஒரு கணக்கு. ஆண் மானுக்குச் சாதாரண லைசன்ஸ் போதும். பெண் மானுக்குக் குலுக்கலில் சீட்டு விழவேணும். சுட்டாலும் சுடாவிட்டாலும் வேட்டைக்காரன் அறிக்கை கொடுக்கவேணும். செத்த மானின் தாடை எலும்பில் பல் தேய்ந்த அளவைப் பார்த்து வயது சொல்ல ஆள் இருக்கிறது. நாங்கள் 2025 மார்ச்சில் அரசாங்கம் எண்ணச் சொன்னதென்று காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிசம் வளவுக்குள் நின்று குரங்கையும் மயிலையும் எண்ணிய சனம். நானும் எண்ணினேன். குரங்கு எட்டு ஐந்துக்குப் பிறகுதான் வந்தது.

அவர்களுடையது எல்லாம் திறம் என்று சொல்ல வரவில்லை. கொம்பை அங்குலக் கணக்கில் அளந்து புள்ளி போடுகிற பைத்தியம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அதற்காக உயர வேலி அடைத்து, புரதத் தீன் போட்டு, நல்ல கொம்பனைப் பார்த்து இனம் பெருக்கி, கடைசியில் காசுக்குச் சுட விடுகிறார்கள். எனக்கு வேள்விக் கிடாய்தான் ஞாபகம் வந்தது. வாழைப்பழமும் கடலையும் தீத்தி, குளிப்பாட்டி, இலட்சக்கணக்கில் விலை பேசி. அதையாவது நாங்கள் வேட்டை என்று சொல்வதில்லை. ஒரு இடத்தில் தீன் கொட்டி மானைக் கூட்டமாகச் சேர்த்தால் வருத்தமும் சேர்ந்து பரவும். மூளையைத் தின்று மானை எலும்பும் தோலுமாக்குகிற ஒரு நோயை 1967இல் கொலராடோவில் முதல் கண்டார்கள். அதற்குப் பயந்து இப்போது பல இடங்களில் தீன் போடவே தடை.

இனி வன்னிக்கு வருவோம். "லைசன்ஸைக் குடு" என்கிற ஆட்கள் ஒன்றை யோசிப்பதில்லை. மச்சானின் மானுக்குக் காலம் இருக்கிறது. கார்த்திகையில் இணை சேரும், வைகாசி ஆனியில் குட்டி போடும். அடுத்த கார்த்திகையில் துவக்கு வெடிக்கும்போது அந்தக் குட்டி பால் மறந்து தனியே மேயும். அதனால்தான் வேட்டைக்காலம் என்று இரண்டு கிழமையை அவர்களால் வெட்டி எடுக்க முடிகிறது. எங்கள் புள்ளிமானுக்கு அப்படி ஒரு பஞ்சாங்கம் இல்லை. வருசம் முழுக்க இணை சேரும், வருசம் முழுக்கக் குட்டி போடும். வயிற்றில் ஏறத்தாழ எட்டு மாதம், பெரும்பாலும் ஒன்றே ஒன்று. எந்த மாதத்தைத் திறந்துவிட்டாலும் சினைப்பட்டதோ பால் கொடுக்கிறதோ ஒன்று முன்னால் நிற்கும். துவக்கோடு போகிறவனுக்குக் கண்ணும் பொறுமையும் வேணும்.

துவக்கோடுதான் போகிறார்களா என்ன?

இரண்டு வருசத்துக்கு முன் ஒட்டுசுட்டான் பக்கம் மாமாவின் கச்சான் தோட்டத்துக்குப் போயிருந்தேன். விடியப்புறம் வேலியோரம் எதுவோ அடிபடுகிற சத்தம். போய்ப் பார்த்தால் பாலை மரத்து வேரில் கட்டின கம்பி. மோட்டார் சைக்கிள் கிளச் கேபிள், கறுப்பு உறையை உரித்து எடுத்தது. பெண் மான் ஒன்று பின்னங்காலில் மாட்டிக்கொண்டு இரவு முழுக்கச் சுற்றியிருக்கவேணும். மரத்தைச் சுற்றி உழுத மாதிரி ஒரு வட்டம், புல் ஒன்று மிச்சமில்லை. கம்பி தோலை அறுத்து வெள்ளை எலும்பு தெரிந்தது. மடி கனத்து, காம்பில் பால் சொட்டி நின்றது. குட்டி எங்கேயோ பற்றைக்குள் அசையாமல் படுத்திருக்கும். தாய் வரும்வரைக்கும் அது எழும்பாது. மாமா சாக்கைப் போட்டு முகத்தை மூடிப் பிடிக்க, நான் குறட்டால் கம்பியை வெட்டினேன். மூன்று காலில் போனது. தப்பியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

அந்தக் கம்பி வயது பார்க்காது, ஆண் பெண் பார்க்காது, கொம்பு பார்க்காது. மச்சான் மூன்று வருசம் பார்த்துப் பார்த்து விட்டானே, அந்த வேலையைச் செய்யக் கம்பிக்குக் கண் இல்லை. தடத்தில் கட்டிவைக்கிற கட்டுத்துவக்கும் அப்படித்தான். மான் வந்தாலும் வெடிக்கும், விறகு பொறுக்கப் போன மனுசி வந்தாலும் வெடிக்கும். சிறுத்தையும் இந்தக் கம்பியில்தான் விழுகிறது. 2020இல் மலையகத்து நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டிச் செத்தது. எங்களுக்குச் சம்பளமில்லாமல் மானைக் கணக்காக வைத்திருந்த ஒரேயொரு உத்தியோகத்தன் அவன்தான்.

அவன் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று பார்க்கத் திருகோணமலைக்குப் போனால் போதும். கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது பிரட்றிக் கோட்டைக்குள் நிற்கிற மான்களோடு எல்லாரும் படம் எடுத்திருப்பீர்கள். நான் கடைசியாகப் போனபோது ஒரு கொம்பன் யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின் லஞ்ச் சீற்றை முழுசாக மென்றுகொண்டு நின்றது. பிள்ளைகள் கைதட்டின. இதே எங்கள் புள்ளிமானை 1860களின் கடைசியில் ஹவாய்க்கும், 1932இல் ரெக்சாஸுக்கும் கொண்டுபோய் விட்டார்கள். ஹவாயில் இன்றைக்கு அது புல்லுக்கும் தோட்டத்துக்கும் பிடித்த சனியன். ரெக்சாஸில் அதைச் சுட வேட்டைக்காலமே கிடையாது, வருசம் முழுக்கச் சுடலாம். ஒரே மான். இங்கே மேசைக்கு வரும்போது குரலைத் தாழ்த்துகிறோம்.

கச்சான் போட்டவனிடம் போய் "மான் பாவம்" என்று சொல்ல எனக்கும் வாய் வராது. மாமாவுக்கு ஒரு போகத்தில் பாதி போனது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பியை வைத்தது மாமா இல்லை. கச்சானைக் காக்க வைத்ததும் இல்லை. அது வேலிக்கு வெளியே, காட்டுப் பக்கம், மான் தண்ணிக்குப் போகிற தடத்தில் இருந்தது. அது விற்பதற்கு வைத்தது. வாங்குகிறவன் யார்? ஆவணியில் வெளிநாட்டில் இருந்து வருகிற விருந்தாளி, அவனுக்கு ஒரு புதினம் காட்ட ஆசைப்படுகிற வீட்டுக்காரன், கிண்ணத்துக்குள் கைவிட்ட நான். இந்த வியாபாரம் இப்படியே இருக்க, மேலால் லைசன்ஸ் ஒன்றைக் கொடுத்தால் கம்பியில் செத்ததும் லைசன்ஸில் சுட்டதாக ஆனையிறவு தாண்டும்.

அப்பப்பாவின் வீட்டு விறாந்தையில் ஒரு மான் கொம்பு இருந்தது. குடையும் தொப்பியும் தொங்கும். நான் பள்ளிக்கூடப் பையைத் தொங்கவிட்டேன். தானாக விழுந்த கொம்பு, காட்டில் பொறுக்கினது என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். போன மாதம் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கக் கழற்றினோம். தானாக விழுந்த கொம்பின் அடி உருண்டு, முள்ளுமுள்ளாக இருக்கும். இதன் பின்பக்கம் பலகைக்குள் மண்டையோடு வாளால் அறுத்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. நீளம் ஒரு முழம் வராது. இளந்தாரி மான். அப்பப்பாவும் அதை விட்டுப் பார்க்கவில்லை.

மச்சான் திரும்பிப் போய்விட்டான். கார்த்திகையில் படம் ஒன்று அனுப்பினான்: பனி, இலையில்லாத மரங்கள், வேறொன்றும் இல்லை. இந்த வருசம் பெண் மானுக்குக் குலுக்கலில் சீட்டு விழவில்லையாம். நாலு கிளைக் கொம்போடு ஒரு இளசு வந்து பத்து நிமிசம் முன்னால் நின்றதாம், விட்டுவிட்டானாம். "இன்னும் ரெண்டு வருசம் போகட்டும்" என்று எழுதியிருந்தான்.

அதற்குக் கீழே இன்னொன்று. "வாற ஆவணிக்கு வருவம். அந்த மற்றதிலை கொஞ்சம் வத்தல் போட்டு வைக்கச் சொல்லு மச்சான்."

நீலச் சரி இரண்டும் விழுந்து ஒரு கிழமை. நான் இன்னும் பதில் போடவில்லை.