பெயரை வைத்து விஷம் என்று சொல்ல முடியாது

ஏற்காடு ஏரியின் ஓரத்தில் பச்சையாகப் படர்ந்திருக்கும் படத்தைப் போட்டு, “இது மைக்ரோசிஸ்டிஸ். இதன் ஜீனோமைப் படித்துவிட்டார்கள், விஷ ஜீன் இருக்கிறது. கொதிக்க வைத்துக் குடித்தால் பயமில்லை” என்று ஒருவர் பதிவு எழுதியிருக்கிறார். பாதி சரி, பாதி ஆபத்து.

மைக்ரோசிஸ்டிஸ் என்பது நீலப்பச்சைப் பாசி என்று சொல்லப்படும் ஒரு நுண்ணுயிர். ஜப்பானின் காசுமிகவுரா ஏரியில் எடுத்த அதன் ஒரு ரகத்தின் ஜீனோம், அதாவது முழு மரபணு வரிசை, 2007-இல் வெளியானது, சுமார் 58 லட்சம் டி.என்.ஏ எழுத்துகள். மைக்ரோசிஸ்டின் நஞ்சைத் தயாரிக்கும் பத்து ஜீன்களின் கொத்து அதில் உண்டு. ஆனால் அதே இனத்தில் அந்தக் கொத்து இல்லாத ரகங்களும் இருக்கின்றன. மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஜப்பான் ரகத்தை வைத்து நம்ம ஏரிக்குத் தீர்ப்பு எழுத முடியாது. படத்தை வைத்து மைக்ரோசிஸ்டிஸ் என்றே சொல்ல முடியாது, அது வேற விஷயம்.

சரி, கொதிக்க வைப்பது? அதைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். மைக்ரோசிஸ்டின் கொதியில் அழியாது. அந்த நுண்ணுயிரின் செல்தான் வெடித்து, உள்ளே இருந்த நஞ்சும் தண்ணீரில் கலக்கும்.

குச்சியை விட்டுப் பாருங்கள். நூல் நூலாகச் சுற்றி வந்தால் சாதாரணப் பாசியாக இருக்கலாம். பச்சைப் பெயிண்ட் மாதிரி ஒட்டினால் கையை வைக்காதீர்கள், நாயையும் இறக்காதீர்கள். நஞ்சு உண்டா என்பதை லேப்தான் சொல்லும்.