பதினொன்றாம் வகுப்புப் படிவத்தில் கணக்கை அடித்துவிடும் முன்

போன ஞாயிற்றுக்கிழமை டெல்லி ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் சுவாமிநாதனைத் தரிசித்துவிட்டுப் படியிறங்கும்போது, பழைய தோழி ஒருத்தி கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் மகள் பத்தாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருக்கிறாள். லண்டனில் பொருளாதாரம் படிக்க வேண்டும் என்பது பெண்ணின் ஆசை. அதற்காகப் பதினொன்றில் கணக்குப்பதிவியல், வணிகக் கல்வி, பொருளாதாரம், ஆங்கிலம், ஐந்தாவதாக உடற்கல்வி என்று படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறார்கள். "கணக்கு அவளுக்கு ஆகாது. பொருளாதாரம் படிக்கப் போகிறவளுக்குக் கணக்கு எதற்கு?" என்றாள். செருப்பைக்கூட மாட்டாமல் அங்கேயே அரைமணி நேரம் பேசினேன். அப்போது விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மயூர் விஹாரில் இருபது ஆண்டுகளாகக் கணக்கு டியூஷன் எடுப்பவள் நான். கணக்கு படி என்று சொல்வதில் எனக்கு லாபம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

நம் வீடுகளில் பொருளாதாரம் என்றால் வணிகவியலுக்குத் தங்கை முறை. பேரேடு, வங்கி, வரி எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைத்துக்கொள்கிறோம். எல்லையைத் தாண்டியதும் இந்த உறவுமுறை மாறிவிடுகிறது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் தன் பி.எஸ்சி. பொருளாதாரப் படிப்புக்கு ஏ லெவலில் (நம் பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான பிரிட்டன் பள்ளித் தேர்வு) ஒரு ஏ ஸ்டாரும், அதாவது உச்ச மதிப்பும், இரண்டு ஏ-யும் கேட்கிறது. அந்த ஸ்டார் கணிதத்தில் இருக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் கேட்பது இரண்டு ஏ ஸ்டாரும் ஒரு ஏ-யும். அங்கும் கணிதம் கட்டாயம். வேடிக்கை என்னவென்றால், பள்ளியில் பொருளாதாரம் படித்திருக்க வேண்டும் என்று இரண்டு இடத்திலும் கட்டாயம் இல்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் தான் அவ்வளவாக விரும்பாத பாடங்கள் என்று ஒரு பட்டியலே வெகுகாலம் வைத்திருந்தது. நம் பிள்ளைகள் நம்பிக்கையோடு எடுக்கும் கணக்குப்பதிவியலும் வணிகக் கல்வியும் அதில் இருந்தன. பிரிட்டனின் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ரஸ்ஸல் குழுமம், பல படிப்புகளுக்கு வழிதிறக்கும் பாடங்கள் என்று 2011-இல் வெளியிட்ட பட்டியலில் கணிதம், இயற்பியல், வரலாறு, புவியியல், மொழிகள் எல்லாம் இருந்தன; பொருளாதாரம் இல்லை. 2019-இல் அந்தப் பட்டியலையே கைவிட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கணிதம் கேட்காத பொருளாதாரப் படிப்புகளும் பிரிட்டனில் உண்டு. ஆனால் வெளிநாட்டை விடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் டெல்லிப் பல்கலைக்கழகமே பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரத்துக்குக் கணக்கு வேண்டும் என்கிறது.

என் அண்ணன் மகன் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினொன்றில் சேரும்போது ஆலோசகர் ஒருவரிடம் பணம் கட்டி யோசனை கேட்டார்கள். கணக்கை விட்டு உடற்கல்வி எடுத்தால் சராசரி தொண்ணூற்றைந்தைத் தாண்டும், வெளிநாட்டில் சதவீதத்தைத்தான் பார்ப்பார்கள் என்றார் அவர். சராசரி தாண்டியது உண்மைதான். பன்னிரண்டாம் வகுப்பு ஆகஸ்ட் மாதம் பல்கலைக்கழகப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோதுதான், அவன் விரும்பிய ஐந்தில் நான்கு கணிதம் இல்லாமல் விண்ணப்பத்தையே பார்க்காது என்று தெரிந்தது. சில பல்கலைக்கழகங்கள் உடற்கல்வியைச் சராசரியில் சேர்ப்பதும் இல்லை. "அத்தை, ஒரே வருடத்தில் இரண்டு வருடக் கணக்கைப் படித்துவிட முடியாதா?" என்று கேட்டான். என்ன பதில் சொல்வது? இப்போது மேலாண்மை படிக்கிறான், சந்தோஷமாகவும் இருக்கிறான். என் வாதத்துக்கு அது அவ்வளவாக உதவவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

இன்னொரு பொறி இருக்கிறது, இது சற்று நுட்பமானது. சிபிஎஸ்இ மேல்நிலை வகுப்புகளில் இரண்டு கணக்குகள் உண்டு. 041 என்பது கணிதம். 241 என்பது 2020-21 முதல் வந்த பயன்பாட்டுக் கணிதம். பின்னதை நான் குறைசொல்ல மாட்டேன். மாதத்தவணை கணக்கிடுவது, குறியீட்டெண், காலத்தொடர் என்று வாழ்க்கைக்கு உதவும் பாடம் அது. டெல்லிப் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறது. ஆனால் பிரிட்டனின் சில பல்கலைக்கழகங்கள் அதைக் கணிதத்துக்கு இணையாக ஏற்பதில்லை. "கணக்கு எடுத்திருக்கிறாள்" என்று பெற்றோர் நிம்மதியாக இருப்பார்கள். மதிப்பெண் பட்டியலில் எந்த எண் இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கணக்கு ஏன் இவ்வளவு வேண்டும் என்று தோழி கேட்டாள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இறுதிநிலைப் பயன்பாட்டை ஓர் அட்டவணையாகச் சொல்லிக்கொடுக்கிறோம்: இன்னும் ஒரு ஆரஞ்சு தின்றால் எவ்வளவு திருப்தி கூடுகிறது, அதற்கடுத்த ஆரஞ்சில் எவ்வளவு குறைகிறது. கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களிலேயே அட்டவணை போய்விடும். அதே 'இறுதிநிலை' வகைக்கெழுவாக (டெரிவேடிவ்) வந்து நிற்கும். கையில் இருக்கும் பணத்துக்குள் அதிகத் திருப்தி எங்கே என்று கண்டுபிடிக்க லக்ராஞ்சியின் பெருக்கி வரும். தரவுகளுக்கிடையே உறவைத் தேடும்போது அணிகள் (மேட்ரிக்ஸ்) வரும். 041 பாடத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 80 மதிப்பெண்ணுக்கு 35 நுண்கணிதத்துக்கே (கால்குலஸ்) போகிறது. அந்த 35-ஐத்தான் பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன.

பொருளாதார மேதை ஆல்ஃபிரட் மார்ஷல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1865-இல் இரண்டாம் இடம் பெற்றவர். பொருளாதாரத்தில் கணிதத்தைச் சுருக்கெழுத்தாக மட்டும் வைத்துக்கொள், முடிவை ஆங்கிலத்தில் எழுது, பிறகு கணிதத்தை எரித்துவிடு என்று 1906-இல் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். கணக்கு வேண்டாம் என்பவர்கள் என்னிடம் இதை மேற்கோள் காட்டுவதுண்டு. எரிப்பதற்கு முதலில் அது கையில் இருக்க வேண்டாமா?

கேம்பிரிட்ஜில் பொருளாதாரத்துக்கு டிஎம்யுஏ என்று கணித நுழைவுத் தேர்வும் உண்டு. இரண்டு தாள்கள், ஒவ்வொன்றுக்கும் 20 கேள்விகள், 75 நிமிடங்கள், கால்குலேட்டர் கிடையாது. இரண்டாம் தாளில் கணிதத் தர்க்கம்தான் முக்கியம். ஒரு கூற்றிலிருந்து இன்னொன்று வருமா, நிறுவலில் தப்பு எந்த வரியில் இருக்கிறது என்று கேட்பார்கள். கணிதத் தர்க்கம் என்று பதினொன்றாம் வகுப்பில் இருந்த அத்தியாயத்தை, நம் பாடப்புத்தகங்களை வெளியிடும் என்சிஇஆர்டி 2022-இல் பாடச்சுமை குறைப்பில் நீக்கிவிட்டது. பழைய புத்தகத்தை நான் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் இவ்வளவு கெடுபிடி இல்லை. பெரும்பாலான இடங்களில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் முதன்மைப் பாடத்தை அறிவித்தால் போதும். இருந்தாலும் பொருளாதாரத்தை எடுக்க நினைப்பவர்கள் அங்கே போய் நுண்கணிதம் படித்தே ஆக வேண்டும்.

மற்ற பாடங்களில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. கணிதம், ஆங்கிலம், பொருளாதாரம் போக மீதியில் ஒன்று வரலாறாக இருக்கட்டும். 2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் இருநூறு ஆண்டுப் பழைய ஆவணங்களில் பெண்களின் உழைப்பைத் தேடியவர். பக்கம் பக்கமாக வாசித்து, ஒரு வாதத்தைக் கட்டி எழுதத் தெரியாத பிள்ளை வகைக்கெழுவை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்யும்? பிரிட்டன் விண்ணப்பத்தின் தன்விளக்கக் கட்டுரை 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகிவிட்டது. உன் படிப்பு உன்னை இதற்கு எப்படித் தயார்செய்தது என்பது இரண்டாவது கேள்வி. வரலாறும் கணிதமும் சேர்ந்து படித்தவளுக்கு அங்கே எழுத ஏதாவது இருக்கும்.

ஆனால் பள்ளிகள் "அந்தச் சேர்க்கை எங்களிடம் இல்லை" என்பார்கள். கலை, அறிவியல் என்று கறாராகப் பிரிக்க வேண்டாம் என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. வாரியமும் தடுக்கவில்லை. தடுப்பது பள்ளியின் கால அட்டவணை. கேட்காதவர்களுக்கு அது மாறாது; நாலைந்து பெற்றோர் சேர்ந்து போய்க் கேட்டு மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

நேற்று இரவு தோழியிடமிருந்து செய்தி வந்தது. பெண் இரண்டு வாரம் கணக்கு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கச் சம்மதித்துவிட்டாளாம். கணக்கு வகுப்பும் வரலாற்று வகுப்பும் ஒரே நேரத்தில் வருகின்றன என்று பள்ளியில் சொல்கிறார்களாம். திங்கட்கிழமை முதல்வரைப் பார்க்கப் போகிறார்கள். 041 என்று எழுதிய படிவத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.