'ஓசி சாஃப்ட்வேர்' என்று சொன்ன சாருக்கு

ஞாயிற்றுக்கிழமை மலர்க்குழுக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். குரூப்பில் ஓடிய பேச்சையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இனிமேல் முடியாது.

"ஓசி சாஃப்ட்வேர்ல அடிச்சா இப்படித்தான் இருக்கும்." இருபது பேர் நடுவில் சார் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது.

மலர் 64 பக்கம். வேர்டைப் போலவே எழுத உதவும், காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் அடித்து இரண்டு கோப்பாக அனுப்பினேன். திருத்தம் போட ஒரு டாக்எக்ஸ் (வேர்டு வடிவக் கோப்பு), பக்கத்தைப் பார்க்க ஒரு பி.டி.எஃப். சார் திறந்தது டாக்எக்ஸை. நான் போட்டிருந்த மருதம் எழுத்துரு அவர் கணினியில் இல்லை. இல்லாத இடத்தில் கணினி தன்னிடம் இருக்கிற வேறொரு தமிழ் எழுத்தை வைத்துக் காட்டும். அதன் அகலம் வேறு. வரி உடையும், பக்கம் தள்ளும், கவிதை ஒரு பக்கத்திலும் கவிஞர் பெயர் அடுத்த பக்கத்திலும் போய் நிற்கும். வேர்டில் அடித்து வேர்டில் திறந்தாலும் இதேதான் நடக்கும். எழுத்துருவைக் கோப்போடு சேர்த்து அனுப்பும் வசதி ரைட்டரில் இருக்கிறது. ஃபைல், பிராப்பர்ட்டீஸ், ஃபான்ட் என்று போய் டிக் போட வேண்டும். மறந்துவிட்டேன். என் மறதியை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மென்பொருளைத் திட்டாதீர்கள்.

தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு ஓடு பறந்து, மழை முழுக்கக் கணினி மேலேயே இறங்கியது. அப்புறம் 4,000 ரூபாய்க்கு ஒரு பழைய கணினி வாங்கினோம். அதில் காசு கொடுத்து மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் வாங்கிப் போட வழியில்லை. தெருவில் இருந்த கல்லூரித் தம்பி ஒருவன்தான் லிப்ரே ஆபீஸ் போட்டுக்கொடுத்தான். என் பெண்ணின் பள்ளி புராஜெக்ட், அப்பாவின் பென்ஷன் மனு, தெருக்காரர்களின் பயோடேட்டா எல்லாம் அதில்தான் அடித்தேன்.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுச் சொல்தா தாத்தா பிரான்சுக்கு உயிர்ச்சான்று அனுப்பும்போதெல்லாம் கூட வைக்கும் கடிதத்தை நான்தான் அடித்துக் கொடுப்பேன். பிரெஞ்சுப் பிழைகளுக்கு ரைட்டரே சிவப்புக் கோடு போட்டுவிடும். ஒருநாள் திரையில் பெயரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "லிப்ர்னா சுதந்திரம்மா. காசில்லாததுக்கு கிராத்துயின்னு வேற வார்த்தை இருக்கு." பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் இது. இந்த ஊரிலேயே இரண்டையும் சேர்த்து 'ஓசி' ஆக்கிவிட்டீர்கள்.

ஜெர்மனியில் ஸ்டார் ஆபீஸாகத் தொடங்கியது இது. 1999-ல் சன் நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டே மூல நிரலை, அதாவது மென்பொருளை எழுதிய கட்டளைகளை, எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2010-ல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியதும், அதில் உழைத்துக்கொண்டிருந்தவர்கள் இது ஒரு கம்பெனியின் கைக்குள் முடங்கிவிடக் கூடாது என்று அதே ஆண்டு செப்டம்பரில் பிரிந்து வந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் லிப்ரே ஆபீஸ். தமிழில் மெனு தெரிகிறதே, அதையும் யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஓசியா?

சார் கணினியில் இருப்பது கடையில் 300 ரூபாய்க்குப் போட்டுக்கொடுத்த கிராக் வேர்டு, அதாவது கள்ளநகல். அவரே பெருமையாகச் சொன்னதுதான். தெரிந்தே கள்ளநகலைப் பயன்படுத்தினால் 1957 பதிப்புரிமைச் சட்டம், 63பி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. அது கௌரவம். எடுத்துக்கொள், மற்றவருக்கும் கொடு என்று செய்தவர்களே கொடுத்ததை நான் போட்டால் ஓசி!

"எல்லா ஆபீஸிலும் வேர்டுதானே கேட்கிறார்கள்" என்று கமெண்டில் வருவீர்கள். டாக்எக்ஸாகச் சேமித்துக் கொடுங்கள், முடிந்தது. "பெரிய எக்செல் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யவைக்கும் கட்டளைத் தொகுப்பு) ஓடாதே?" உண்மைதான், சிலது ஓடாது. ஆடிட்டர் அலுவலகம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும், அதை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் கடிதமும் மனுவும் மலரும் அடிக்கிற எத்தனை பேருக்கு மேக்ரோ வேண்டும்? "காசு கொடுத்தால்தான் தரம்" என்கிறவர்களுக்கு மட்டும் என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் எனக்கு வலித்தது அந்த இடத்தில்தான். மூன்று வாரம், ராத்திரி சமையலறை ஒதுங்கின பிறகு பதினொன்றரை வரை உட்கார்ந்து அடித்தேன். ஒரு ரூபாய் கேட்கவில்லை. டீக்காசுகூட வாங்கவில்லை. டி.டி.பி. கடையில் கொடுத்திருந்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று எண்ணி வைத்திருப்பீர்கள். பிழை இருந்தால், "தம்பி, கொஞ்சம் பாருப்பா" என்று பொறுமையாகச் சொல்லியிருப்பீர்கள். வீட்டிலிருக்கிற பெண் சும்மா செய்துகொடுத்ததால்தானே அவ்வளவு எளிதாக வாய் வந்தது? அன்றைக்கு நீங்கள் ஓசி என்று சொன்னது மென்பொருளை மட்டும் இல்லை, சார்.

எழுத்துருவைச் சேர்த்த டாக்எக்ஸையும் பி.டி.எஃபையும் இன்று காலை குரூப்பில் மறுபடி போட்டிருக்கிறேன். இந்தத் தடவை பி.டி.எஃபைத் திறந்து பாருங்கள். 47-ம் பக்கத்தில் இருப்பது உங்கள் கவிதை. உங்கள் கையெழுத்து புரியாமல் நான்கு தடவை போன் செய்து, ஒவ்வொரு வரியாகக் கேட்டு அடித்தது.