பாலில் குளித்தால் நிறம் மாறுமா?

"கிளியோபாட்ரா தினமும் கழுதைப் பாலில் குளித்தார், நீங்களும் பாலில் குளித்தால் ஒரே வாரத்தில் தோல் வெளுக்கும், கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அரிப்பு நோய்) போகும்" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. ரோமப் பேரரசர் நீரோவின் மனைவி போப்பேயா குளிப்பதற்காக 500 கழுதைகள் இருந்ததாகப் பண்டைய ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்; கிளியோபாட்ரா கதை பின்னால் ஒட்டிக்கொண்டது.

சரி, தோலுக்கு வருவோம். நிறத்தைத் தருவது தோலுக்குள் உருவாகும் மெலனின், மேலே ஊற்றும் பால் அதைத் தொடுவதே இல்லை. பாலில் லாக்டிக் அமிலம் இருக்கிறதே என்பார்கள். அது பால் புளிக்கும்போதுதான் உருவாகிறது, நல்ல பாக்கெட் பாலில் ஏறக்குறைய கிடையாது, அதையும் ஒரு வாளித் தண்ணீரில் கலந்தால் என்ன மிஞ்சும்? பாலின் கொழுப்பு கொஞ்ச நேரம் தோலை மெத்தென்று வைக்கும், அவ்வளவுதான்.

எனக்குப் பயம் குழந்தைகளை நினைத்துத்தான். கரப்பான் வந்து, சொறிந்து சொறிந்து வெடித்துப்போன முழங்கை மடிப்பில் தயவுசெய்து பாலை ஊற்றாதீர்கள்; பால் புரதம் அந்த வெடிப்பு வழியாக உள்ளே போய் ஒவ்வாமையைக் கிளப்பலாம். ஏற்கெனவே பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குத் தோலில் பட்டாலே தடிப்பு வரலாம். குளிப்பாட்டியதும் ஈரம் காயும் முன் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரோ வாஸ்லினோ தடவுங்கள், அப்புறமும் அரிப்பு அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.